மென்ஸ்: ஒரு தகுதிச் சொல்லும் ஸ்காட்ஸ் அகராதி மரபும்

ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் வழங்கிவரும் ஸ்காட்ஸ் மொழியில், மனிதரின் தகுதியைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் 'மென்ஸ்' என்பது தனித்த கவனத்துக்கு உரியது. ஸ்காட்ஸ் என்பது அந்நாட்டின் மேட்டுநிலங்களுக்குரிய கேலிக் மொழியன்று. பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையாகிய நார்தம்பிரிய வழக்கிலிருந்து வளர்ந்து, ஸ்காட்லாந்து தனி அரசாக இருந்த காலத்தில் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் கவிதைக்கும் ஊடகமாக விளங்கிய ஜெர்மானியக் குடும்பத்து மொழி அது. அம்மொழியில் மென்ஸ் என்பது ஒருவர் பிறரிடம் பெற்றிருக்கும் நன்மதிப்பையும், அந்த மதிப்புக்குக் காரணமான நன்னடத்தையையும், எங்கே எப்படி நடந்துகொள்வது தகும் என்று அறியும் உணர்வையும் ஒருசேரக் குறித்தது. அதிலிருந்து பிறந்த 'மென்ஸ்ஃபூ' என்னும் பெயரடை பண்பும் ஒழுங்கும் உடையவரைச் சுட்டியது. 'மென்ஸ்லெஸ்' என்பது அவையிரண்டும் அற்றவரைச் சுட்டிய வசைச்சொல். குடிப்பிறப்பாலோ செல்வத்தாலோ வந்துசேரும் உயர்வு வேறு, நடத்தையால் ஈட்டிக்கொள்ளும் தகுதி வேறு என்ற வேறுபாட்டை ஒரே அசையில் சொல்லக்கூடிய இச்சொல் இன்று அன்றாடப் பேச்சில் அரிதாகிவிட்டது. அதைப் பற்றி அறிய முற்படும் எவரும் அகராதிகளின் வழியாகவே அதனிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஆகவே இச்சொல்லின் பொருளை ஆராய்வதும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்காட்ஸ் சொற்களைத் தொகுத்துவந்த அகராதி மரபின் நிறைகுறைகளை எடைபோடுவதும் ஒன்றையொன்று விட்டு விலகாத இரு பணிகளாகின்றன.

சொல்லின் பிறப்பு ஐயத்துக்கு இடமில்லாதது. பழைய நார்ஸ் மொழியில் 'மென்ஸ்கா' என்றால் மனிதத்தன்மை. விலங்கிலிருந்து மனிதரைப் பிரித்துக்காட்டும் இயல்பு என்னும் இந்த அடிப்படைப் பொருளிலிருந்தே மாண்பு, மரியாதை, பண்பு என்ற பொருள்கள் கிளைத்தன. இடைக்காலத்தில் இச்சொல் 'மென்ஸ்க்' என்ற வடிவில் வழங்கியது. பின்னர் இறுதி ஒலி தேய்ந்து மென்ஸ் ஆயிற்று. நார்ஸ் சொல் என்றதும் வைக்கிங் கப்பல்கள் அதை நேரே ஸ்காட்லாந்தின் கரையில் இறக்கிவிட்டுச் சென்றதாக எண்ணத் தோன்றும். ஆனால் தாழ்நில ஸ்காட்ஸ் மொழியில் உள்ள நார்ஸ் சொற்களில் பெரும்பாலானவை, டேனியர் முன்பே குடியேறிக் கலந்திருந்த வட இங்கிலாந்திலிருந்து, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் தனியுரிமை பெற்ற வணிக நகரங்களை நிறுவிய காலந்தொட்டு வடக்கு நோக்கி வந்து குடியமர்ந்த மக்களோடு வந்தவை. மென்ஸ்க் என்ற சொல் இங்கிலாந்தின் வடமேற்கு வழக்கில் இயற்றப்பட்ட 'சர் கவெயினும் பச்சை வீரனும்' என்ற 14ஆம் நூற்றாண்டுக் காவியத்திலும் வீரரின் மாண்பைக் குறிக்க வருகிறது. யார்க்ஷயர், கம்பர்லாந்து பகுதிகளின் வட்டார வழக்கிலும் பிற்காலம் வரை நிலைத்திருந்தது. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றாக வாழ்ந்த சொல் என்ற இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். ஏனெனில் அகராதி மரபின் முதன்மையான சிக்கல் இவ்விடத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இச்சொல் எவ்வளவு உயிர்ப்போடு இருந்தது என்பதற்கு ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகளே போதிய சான்று. 1786இல் கில்மார்னக் நகரில் அச்சான அவருடைய முதல் தொகுப்பில், கயிற்றில் சிக்கி வாய்க்காலில் விழுந்து சாகும் தறுவாயில் இருக்கும் மெய்லி என்ற பெண்ணாடு தன் இறுதி வார்த்தைகளைச் சொல்லும் கவிதை ஒன்று உண்டு. தன் கடாக்குட்டிக்கு நல்லொழுக்கம் கற்பிக்க வேண்டும் என்றும், மென்ஸ் அற்ற மற்ற விலங்குகளைப் போல அவன் ஊர்சுற்றித் திரியக் கூடாது என்றும் அந்தத் தாய் கேட்டுக்கொள்கிறது. மனிதத்தன்மை என்ற வேரிலிருந்து வந்த சொல்லை ஓர் ஆட்டின் வாயில் வைத்து, பிற ஆடுகளிடம் அது இல்லை என்று சொல்லவைப்பதில் ஆழமான நயம் இருக்கிறது. சொல்லின் வேரைப் பர்ன்ஸ் அறிந்திருந்தாரா என்பது இங்கே முக்கியமன்று. மனிதருக்கும் விலங்குக்கும் இடையே கோடு கிழிக்கும் வேலையை அச்சொல் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் பேச்சில் செய்துகொண்டிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. வேர் மறந்த பின்னும் பழக்கம் பொருளைக் காத்து வைத்திருக்கிறது.

மறு ஆண்டு எடின்பரோவில் வெளிவந்த பதிப்பில் இடம்பெற்ற 'ஏர் நகரப் பாலங்கள்' என்ற கவிதை வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. ஏர் ஆற்றின் மீதிருந்த பழைய கற்பாலமும், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய பாலமும் இரவில் வழக்கிடுகின்றன. புதிய பாலம் பழையதைப் பார்த்து அதற்கு மென்ஸும் போதவில்லை, அறிவும் போதவில்லை என்று ஏசுகிறது. அறிவையும் பண்பையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்து, இரண்டும் சேர்ந்தால்தான் தகுதி நிறைவுறும் என்ற எண்ணம் அந்த ஏச்சில் அடங்கியிருக்கிறது. மேலும் இளையது மூத்ததைப் பார்த்து மென்ஸ் இல்லை என்று சொல்லும்போது, மூப்பினால் மட்டும் அத்தகுதி வந்துவிடாது என்ற கருத்தும் வெளிப்படுகிறது. 1877இல் வந்த வெள்ளத்தில் அந்தப் புதிய பாலம் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டதையும், பழைய பாலம் இன்றும் நிற்பதையும் அறிந்த வாசகருக்கு அந்த வசை யார்மீது திரும்பிற்று என்பதும் புலப்படும்.

பழமொழிகளில் இச்சொல் விருந்தோம்பலோடு பிணைந்து வருகிறது. உணவு நல்லதுதான், ஆனால் மென்ஸ் அதனினும் நல்லது என்ற கருத்துடைய பழமொழி ஸ்காட்லாந்தில் வழங்கியது. வந்தவரை உண்ண அழைத்து அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டால், உணவும் மிஞ்சியது, அழைத்த பெருமையாகிய மென்ஸும் மிஞ்சியது என்று இல்லத்தார் சொல்லிக்கொள்ளும் வழக்கும் இருந்தது. இவ்விரண்டாவது வழக்கு சொல்லின் உள்முரணை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. முதல் பழமொழியில் மென்ஸ் அகப்பண்பு. இரண்டாவதில் அது ஊரார் கணக்கில் வரவு வைக்கப்படும் நற்பெயர். ஒருவர் உண்மையிலேயே தகுதியுடையவராக இருப்பதும், தகுதியுடையவராகத் தோன்றுவதும் ஒரே சொல்லில் அடைபட்டிருந்தால், காலப்போக்கில் தோற்றம் உள்ளீட்டை விழுங்கிவிடும் அபாயம் உண்டு. மென்ஸ்ஃபூ என்ற பெயரடை பிற்காலத்தில் சுத்தமான, நேர்த்தியான என்ற புறப்பொருள்களையும் ஏற்றது இந்தச் சரிவின் விளைவே எனலாம். மாண்பு என்ற உயரத்தில் தொடங்கிய சொல் வீட்டு ஒழுங்கில் வந்து நிற்பதை வீழ்ச்சி என்று மட்டும் கொள்வதற்கில்லை. வீரரின் அவையிலிருந்து உழவரின் அடுப்படிக்குத் தகுதி இறங்கிவந்ததும், எளியவரும் அதற்கு உரிமை கொண்டாட முடிந்ததும் அதே நகர்வின் மறுபக்கம்.

இவ்வளவு நுட்பமான சொல்லைத் தொகுத்துக் காக்க வேண்டிய மரபு, தொடக்கத்தில் ஸ்காட்ஸ் சொற்களைக் களைய வேண்டியவையாகவே எண்ணியது. 1707இல் இரு நாட்டுப் பாராளுமன்றங்களும் இணைந்தபின், லண்டன் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவதே கற்றோரின் கவலையாயிற்று. மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1752இல் தம் நூலோடு ஸ்காட்ஸ் வழக்குகளின் பட்டியல் ஒன்றை இணைத்தார். தவிர்க்க வேண்டியவற்றை அடையாளம் காட்டுவதே அதன் நோக்கம். ஜேம்ஸ் பீட்டி தம் மாணவர்களுக்காக அத்தகைய பட்டியலைத் தொகுத்தார். ஜேம்ஸ் கெல்லி 1721இல் லண்டனில் வெளியிட்ட ஸ்காட்லாந்துப் பழமொழித் திரட்டின் தலைப்பே, அவற்றை ஆங்கில வாசகருக்கு விளங்கும்படி ஆக்கித் தருவதாகக் கூறிக்கொண்டது. இச்சூழலில் ஒருபுறம் தாமஸ் ருட்டிமன் 1710இல் கேவின் டக்ளஸின் ஈனியட் மொழிபெயர்ப்புக்கு இணைத்த சொற்பொருள் விளக்கமும், மறுபுறம் பர்ன்ஸ் தம் தொகுப்புக்கு இணைத்த அருஞ்சொற்பொருளும் ஸ்காட்ஸ் சொற்களை மதிப்போடு அணுகியவை என்று சொல்லத்தக்க சிலவற்றுள் அடங்கும்.

நிலைமையை மாற்றியவர் ஜான் ஜேமிசன் என்ற சமயகுரு. ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து பிரிந்த ஒரு சிறு பிரிவின் போதகராக ஃபார்ஃபர் என்ற ஊரில் குறைந்த வருவாயில் வாழ்ந்த அவரை, கோபன்ஹேகனிலிருந்து வந்த ஐஸ்லாந்து அறிஞர் கிரிமுர் தோர்கெலின் சந்தித்தார். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் சிதைவன்று, அதில் ஸ்காண்டினேவியச் சொற்கள் நிறைந்துள்ளன என்று அவர் வற்புறுத்தியதன் விளைவாகத் தொடங்கிய உழைப்பு, 1808இல் இரு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. 1825இல் மேலும் இரு தொகுதிகள் துணையாகச் சேர்ந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களிலிருந்து இடம் சுட்டி மேற்கோள் தந்ததும், நாட்டுப்புற வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் சொற்களோடு சேர்த்துப் பதிவுசெய்ததும் ஜேமிசனின் பெருஞ்சாதனை. ஆனால் பிக்டியர் எனப்பட்ட பண்டைய மக்கள் ஒரு காத்திய மொழியைப் பேசினர் என்றும், ஸ்காட்ஸ் அதன் வழித்தோன்றல் என்றும் நிறுவ முனைந்த அவருடைய நீண்ட முகவுரை தவறான கோட்பாட்டில் நிற்கிறது. பிக்டியர் மொழி கெல்டியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே பிற்கால ஆய்வாளரில் பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. வடக்கு நோக்கித் தேடிய அவருடைய நாட்டம் மென்ஸ் போன்ற சொற்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சொற்கள் வந்த வழி இங்கிலாந்து என்ற செய்திக்கு அக்கோட்பாட்டில் இடமே இல்லை. தாய்மொழியின் மதிப்பை நிலைநாட்ட விழைந்தவர், அந்த மதிப்பை அயலாரோடு உள்ள உறவை மறுப்பதன் மூலமே நாட்ட முடியும் என்று கருதினார். பின்வந்தோர் கோட்பாட்டைக் கைவிட்டனர்; மனப்பான்மையை முற்றிலும் கைவிடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் இரு பேரகராதிகள் அறிவியல் ஒழுங்கோடு எழுந்தவை. டண்டீயில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவராக உயர்ந்த வில்லியம் கிரெய்கி, ஒரு மொழியின் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் தனி அகராதி வேண்டும் என்று 1919இல் முன்மொழிந்தார். அதன்படி 1700 வரையிலான மொழிக்குப் 'பழைய ஸ்காட்ஸ் மொழி அகராதி'யும், 1700க்குப் பிந்தைய மொழிக்கு 'ஸ்காட்லாந்து தேசிய அகராதி'யும் திட்டமிடப்பட்டன. இரண்டின் முதற்பகுதிகளும் 1931இல் வெளிவந்தன. தேசிய அகராதியை அபர்தீனில் ஒலியியல் கற்பித்த வில்லியம் கிராண்ட் தொடங்கினார். 1946இல் அவர் மறைந்தபின் டேவிட் முரிசன் பொறுப்பேற்று, மிகச் சிறிய துணையோடு முப்பது ஆண்டுகள் உழைத்து 1976இல் பத்துத் தொகுதிகளாக நிறைவுசெய்தார். பழைய மொழி அகராதி, கிரெய்கிக்குப் பின் ஏ. ஜே. எய்ட்கனிடமும் அவருக்குப்பின் மற்றவரிடமும் கைமாறி, 2002இல் பன்னிரண்டு தொகுதிகளாக முடிந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை மாறியும் தளராமல் நடந்த இப்பணிக்கு ஈடாக, சிறிய மொழியொன்றுக்காகச் செய்யப்பட்டது வேறெங்கும் அதிகமில்லை.

இவ்வகராதிகள் வரலாற்று முறையைப் பின்பற்றின. அதாவது, ஒரு சொல்லுக்கு அகராதியாசிரியர் தம் விருப்பப்படி பொருள் கூறுவதில்லை. அச்சொல் உண்மையில் பயன்பட்ட இடங்களைத் திரட்டி, ஆண்டு வரிசையில் அடுக்கி, அவற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கிறார். இந்த முறையின் பெருமை மென்ஸ் போன்ற பண்புச் சொற்களிலேயே முழுமையாகத் தெரியும். கலப்பை, பானை போன்ற பொருட்பெயர்களுக்கு ஒரு வரைபடம் போதும். பண்புச் சொல்லுக்கோ யார் யாரைப் பற்றி, எந்தச் சூழலில், என்ன தொனியில் சொன்னார் என்பது தெரியாமல் பொருளே தெரியாது. பர்ன்ஸின் காலத்து அருஞ்சொற்பொருள்கள் மென்ஸ் என்பதை நல்ல நடத்தை என்று சுருக்கிவிட, மேற்கோள் வரிசையோ மாண்பிலிருந்து மரியாதைக்கும் மரியாதையிலிருந்து ஒழுங்குக்கும் சொல் இறங்கிவந்த படிகளைக் கண்முன் நிறுத்துகிறது. தவிர, ஆசிரியரின் விளக்கம் பிழையானால் வாசகரே மேற்கோளைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். தன் பிழையைக் கண்டுபிடிப்பதற்கான சான்றைத் தானே வாசகர் கையில் கொடுக்கும் முறை நேர்மையான முறை. அதில் குறைகாண இடமில்லை.

குறை, எந்தச் சொல் உள்ளே வரலாம் என்று வகுத்த விதியில் இருக்கிறது. பழைய மொழி அகராதி 1600 வரை எல்லாச் சொற்களையும், ஆங்கிலத்தோடு பொதுவானவை உட்பட, ஏற்றுக்கொண்டது. 1600க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்திலிருந்து வேறுபடுபவற்றை மட்டும் எடுத்தது. தேசிய அகராதியோ தொடக்கத்திலிருந்தே, பொது ஆங்கிலத்தில் இல்லாதவை, அல்லது வடிவிலோ பொருளிலோ அதிலிருந்து மாறுபட்டவை மட்டுமே ஸ்காட்ஸ் சொற்கள் என்று வரையறுத்தது. இதன் விளைவைக் காண, தகுதியுடைய என்று நேரடியாகப் பொருள்படும், ஆங்கிலத்தோடு பொதுவான 'வொர்தி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பழைய ஸ்காட்ஸ் மொழியில் அச்சொல் ஜான் பார்பர் 1375இல் இயற்றிய 'புரூஸ்' காவியத்தின் வீரர்களுக்கும், பின்வந்த காவியங்களின் நாயகர்களுக்கும் அடைமொழியாக நின்றது. உலகப் புகழ்பெற்ற ஒன்பது தகுதியாளரின் வரிசையில் ராபர்ட் புரூஸ் மன்னரைப் பத்தாமவராகச் சேர்த்துப் பாடிய ஸ்காட்ஸ் பாடலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயில் அது 'வர்டி' என்று ஒலித்தது. ஆட்டின் ஈரல் முதலிய உள்ளுறுப்புகளால் ஆன ஹாகிஸ் என்னும் உணவை வாழ்த்தி எழுதிய கவிதையில், நீண்ட நன்றிவேண்டலுக்கு அது தகுதியானது என்று சொல்லப் பர்ன்ஸ் அந்த வடிவத்தைக் கையாண்டார். விதிப்படி, ஒலி மாறிய அந்த வடிவத்துக்கு மட்டுமே தேசிய அகராதியில் இடம் உண்டு. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆங்கில ஒலிப்போடு அச்சொல்லைச் சொன்னால், அக்கணமே அது ஸ்காட்ஸ் என்ற கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

தேவாலயம் என்ற குறிப்பு தற்செயலானதன்று. 1560இல் சமயச் சீர்திருத்தம் வென்றபோது ஸ்காட்லாந்து மக்கள் கையில் கிடைத்த விவிலியம் ஆங்கிலத்தில் இருந்தது. மர்டோக் நிஸ்பெட் என்பவர் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே புதிய ஏற்பாட்டை ஸ்காட்ஸ் வடிவில் எழுதிவைத்திருந்தும், அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சேறவில்லை. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தின் அரியணையேறி லண்டனுக்குக் குடிபெயர்ந்ததும், எழுத்து மொழி விரைந்து ஆங்கிலமாயிற்று. இதனால் அறம், இறைமை, தகுதி, பாவம், மீட்பு ஆகியவற்றைப் பேசும் உயர்ந்த சொற்களெல்லாம் மக்களுக்கு ஆங்கில உடையில் வந்து சேர்ந்தன. வயல், கால்நடை, வானிலை, சமையல், கேலி ஆகியவற்றின் சொற்கள் ஸ்காட்ஸ் உடையிலேயே நின்றன. இந்நிலையில், ஆங்கிலத்திலிருந்து வேறுபடுவதை மட்டும் தொகுக்கும் அகராதி நேர்மையாகத் தொகுத்தாலும் பிழையான சித்திரத்தையே தரும். அதைப் புரட்டும் ஒருவர், சேற்றுக்கு நூறு சொற்களும் அறத்துக்குச் சில சொற்களும் உடைய மொழி இது என்ற முடிவுக்கு வருவார். உண்மையில் அம்மக்கள் அறத்தைப் பற்றி ஓயாமல் பேசியவர்கள். அந்தப் பேச்சின் பெரும்பகுதி பொதுச் சொத்தாக இருந்ததால் கணக்கில் வரவில்லை, அவ்வளவே. மென்ஸ் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அதன் சிறப்பன்று. பொது ஆங்கிலம் அச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை என்ற தற்செயல்தான். யார்க்ஷயரில் அதே சொல் வழங்கியது விதிக்குத் தடையாகவில்லை, ஏனெனில் விதியின் அளவுகோல் லண்டன் மட்டுமே. தன்னை வரையறுத்துக்கொள்ள விழைந்த ஒரு மொழி, அளவுகோலை அயல் தலைநகரிடம் ஒப்படைத்துவிட்டது என்பதே இந்த மரபின்மேல் வைக்கத்தக்க மிகக் கடுமையான விமர்சனம்.

விதிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதும் உண்டு. பொதுச் சொற்களையெல்லாம் சேர்த்திருந்தால் தேசிய அகராதி 1976இல் முடிந்திருக்காது. முரிசன் தம் வாழ்நாளில் அதைக் கண்டிருக்கவும் மாட்டார். நிதியோ கையாட்களோ போதாத நிலையில், வேறெங்கும் பதிவாகாத சொற்களுக்கு முன்னுரிமை தருவது அறிவுடைமையே. முதியவர்கள் மறைய மறையச் சொற்களும் மறைந்துகொண்டிருந்த காலத்தில் அந்தத் தேர்வு பல்லாயிரம் சொற்களைக் காத்தது என்பதை எந்த விமர்சனமும் மறைக்கலாகாது. எனினும், அவசரத்தால் எடுத்த முடிவு வேறு, அம்முடிவையே மொழியின் இலக்கணமாகக் கொள்வது வேறு. வேறுபடுவதே ஸ்காட்ஸ் என்ற எண்ணம் அகராதியிலிருந்து பள்ளிக்கும் கவியரங்குக்கும் பரவி, மூன்று அருஞ்சொற்கள் இல்லாத வாக்கியம் ஸ்காட்ஸே அன்று என்ற தயக்கத்தை மக்களிடம் உண்டாக்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவதாகத் தெரிவித்தனர். தாம் பேசுவது மொழியா வழக்கா என்ற ஐயத்தோடு பதில் சொன்னவர்கள் அவர்களிடையே பலர் இருந்திருப்பர்.

அகரவரிசை விளைவித்த ஏற்றத்தாழ்வும் இங்கே கருதத்தக்கது. ஆற்றலும் துணிவும் சேர்ந்த தகுதியைக் குறிக்கும் 'டூக்டி' என்ற பழஞ்சொல் டி எழுத்தில் தொடங்குவதால், கிரெய்கி திரட்டிய தொடக்ககாலச் சான்றுகளைக் கொண்டே அதன் பதிவு எழுதப்பட்டது. எய்ட்கன் பொறுப்பேற்றபின் வாசிப்புத் திட்டத்தைப் பெரிதும் விரித்து, நகராட்சிப் பதிவேடுகள், கணக்குகள், கடிதங்கள் எனப் புதிய மூலங்களைச் சேர்த்தார். எனவே தகுதி, மாண்பு என்ற பொருளில் தொடங்கி வழிபாடு என்ற பொருளுக்கு நகர்ந்த 'வர்ஷிப்' போன்ற டபிள்யூ எழுத்துச் சொற்கள், அகராதியின் கடைசிக் கட்டத்தில், பல மடங்கு வளமான சான்றுகளோடு எழுதப்படும் வாய்ப்பைப் பெற்றன. இதை அறியாத ஆய்வாளர் இரு பதிவுகளின் நீளத்தை ஒப்பிட்டு, ஒன்று அரிய சொல், மற்றது பெருவழக்கு என்று முடிவுசெய்தால் ஏமாறுவார்.

லண்டனை அளவுகோலாக்கிய விதிக்கு மாற்று வழி ஒன்றும் முன்பே இருந்தது. ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை வெளியிட்ட 'ஆங்கில வட்டார வழக்கு அகராதி' ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் பிரிக்காமல் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த மாவட்டங்களில் வழங்குகிறது என்று காட்டியது. மென்ஸ் எல்லையின் இருபுறமும் பரவிய சொல் என்பது அங்கே ஒரே பார்வையில் தெரியும். ஆனால் அதற்குத் தரவேண்டிய விலையும் சிறிதன்று: ஒருகாலத்தில் அரசவை மொழியாகவும் சட்ட மொழியாகவும் இருந்த ஒன்று, அங்கே யார்க்ஷயர் வழக்கோடு சமமாக நிற்கும் வட்டார வழக்காகிவிடுகிறது. ஜேமிசனின் வழி உறவை மறைத்து மதிப்பைக் காத்தது. ரைட்டின் வழி உறவைக் காட்டி மதிப்பைக் குறைத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்மையில் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ய எவரும் முன்வரவில்லை.

அகராதிக்கும் இலக்கியத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் நன்மையும் தீமையும் கலந்தே கிடக்கின்றன. 1920களில் கவிஞர் ஹியூ மக்டயர்மிட் ஜேமிசனின் அகராதியிலிருந்து மறந்துபோன சொற்களை எடுத்துப் புதிய கவிதை மொழியை உருவாக்கினார். ஓர் அகராதி உறங்கிக்கிடந்த மொழியை எழுப்பிய அரிய நிகழ்வு அது. ஆனால் தேசிய அகராதி பின்னர் அத்தகைய கவிஞரையும் மேற்கோளாகக் கொண்டபோது, அகராதியிலிருந்து சென்ற சொல் வழக்கிலிருந்து வந்ததாகத் தோற்றம் பெற்று அகராதிக்கே திரும்பியது. பேச்சில் என்றோ மறைந்த சொல்லுக்கு 20ஆம் நூற்றாண்டுச் சான்று இருப்பதாக வாசகர் நம்பக்கூடும். மென்ஸ் போன்ற சொற்களில் பிற்கால மேற்கோளைக் காணும்போது, அது ஒரு பாட்டியின் பேச்சிலிருந்து வந்ததா, நூலகத்திலிருந்து வந்ததா என்று கேட்காமல் நகரலாகாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டாக லூயிஸ் கிராசிக் கிப்பனின் சிறுகதை ஒன்று நிற்கிறது. 'ஸ்மெடம்' என்பது அதன் பெயர். மென்மாவு, தூள் என்பது அச்சொல்லின் பழம்பொருள்; பேனைக் கொல்லும் தூள் என்ற பொருளிலேயே பர்ன்ஸ் அதைக் கையாண்டார். பின்னர் அது மனவுரம், துணிவு என்ற பொருளைப் பெற்றது. கிப்பனின் கதையில், குடித்துத் திரியும் துணைவனோடு ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மெக் என்ற பெண், மகளின் நடத்தையால் குடும்ப மானம் போயிற்று என்று கூடியிருக்கும் பிள்ளைகளிடம், தான் அவர்களுடைய தந்தையை மணந்துகொண்டதே இல்லை என்பதை வெளிப்படுத்துகிறாள். எல்லாம் ஒருவரிடம் ஸ்மெடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்பது அவளுடைய தீர்ப்பு. ஊரார் கணக்கில் மென்ஸ் இழந்தவளாக எண்ணப்பட வேண்டிய பெண், வேறொரு தகுதிச் சொல்லால் நிமிர்ந்து நிற்கிறாள். மென்ஸ் என்ற அளவுகோலுக்குள் ஒளிந்திருந்த குறை, அதாவது தோற்றத்தைத் தகுதியாக எண்ணும் பழக்கம், இந்தக் கதையில் ஸ்காட்ஸ் மொழியின் உள்ளிருந்தே கண்டிக்கப்படுகிறது. அகராதியில் இவ்விரு சொற்களும் வெவ்வேறு எழுத்துகளில், வெவ்வேறு தொகுதிகளில், ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. தகுதியைப் பற்றி ஒரு சமூகம் தனக்குள் நடத்திய வாதத்தைச் சொல் சொல்லாக அடுக்கும் நூல் காட்ட முடியாது. அகராதியிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் அதை எதிர்பார்க்க வேறு நூல் இல்லாத மொழியில், அந்த இழப்பு பெரிதாகவே தெரிகிறது.

2004இல் இரு பேரகராதிகளும் டண்டீ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இணையத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. மென்ஸ் என்று தேடுபவர், 1700க்கு முன்னும் பின்னுமாக வெட்டப்பட்டிருந்த அச்சொல்லின் வாழ்க்கையை இன்று அடுத்தடுத்துப் படிக்க முடிகிறது. அந்த ஆண்டில் மொழியில் எந்த முறிவும் நிகழவில்லை என்பதும், கோடு தொகுப்பாளரின் வசதிக்காகக் கிழிக்கப்பட்டது என்பதும் அப்போது தாமாகவே புலப்படுகின்றன. ஆனால் பொதுச் சொற்களைப் பொறுத்தவரை இணைப்பால் மட்டும் பயனில்லை. 1600 வரை முழுமையாகத் தொடரும் வரலாறு, பின்னர் பாதியாகி, 1700க்குப் பின் துணுக்காகிவிடுகிறது. இனி வரும் திருத்தப் பதிப்புகள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே. எல்லாப் பொதுச் சொற்களையும் சேர்ப்பது இயலாதெனினும், அறம், மதிப்பு, உறவு, நம்பிக்கை ஆகியவற்றைக் குறிக்கும் பொதுச் சொற்களுக்கேனும் 1600க்குப் பிந்தைய முழுப் பதிவுகள் எழுதப்பட வேண்டும்.

அதற்குரிய மூலங்களில் தலையாயது டபிள்யூ. எல். லோரிமரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு. கிரேக்கப் பேராசிரியராக இருந்து, தேசிய அகராதிப் பணியிலும் நெடுங்காலம் பங்குகொண்ட அவர், மூலத்திலிருந்து நேரே ஸ்காட்ஸில் பெயர்த்த அந்நூல், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1983இல் வெளிவந்தது. அகராதியோ அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நிறைவுற்றுவிட்டது. தந்தையிடம் திரும்பிவந்து மகன் எனப்படத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லும் இளையவனையும், தன் கூரைக்குள் இயேசு வருவதற்குத் தான் தகுதியற்றவன் என்று சொல்லும் நூற்றுவர் தலைவனையும் எந்த மொழிபெயர்ப்பாளரும் தாண்டிச் செல்ல முடியாது. ஆங்கிலத்தோடு பொதுவான சொல்லோ தனிச் சொல்லோ, அவ்விடங்களில் எது வந்தாலும் அது ஸ்காட்ஸாகவே ஒலிக்க வேண்டியிருந்தது. வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்ட பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவர், அந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு முழு மொழியையும் கையில் எடுத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்நூலின் ஒவ்வொரு பக்கமும் சான்றளிக்கிறது.